பழைய மட்டப்பா வீடுகளில் பெயர்ந்து விழும் அடிப்பூச்சைச் சரிசெய்யும் முறை

திருநெல்வேலி டவுனின் ரத வீதிகளிலும், பாளையங்கோட்டையின் பழைய தெருக்களிலும், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், ஏரல் போன்ற ஊர்களிலும் இன்னும் நின்றுகொண்டிருக்கிற மட்டப்பா வீடுகள் பலவற்றில் மேல்தளம் கான்கிரீட் அல்ல. தேக்குக் கட்டைகளையோ வைரம் பாய்ந்த பனங்கைகளையோ ஏறத்தாழ ஒன்றரை அடி இடைவெளியில் சுவருக்குச் சுவர் கிடத்தி, அவற்றின்மேல் சிறிய மெல்லிய செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திச் சாய்வரிசையாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து மூன்று அங்குலக் கனத்துக்குத் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்து முடித்திருப்பார்கள். பொறியாளர்கள் மெட்ராஸ் டெரஸ் என்று குறிப்பிடுவது இதைத்தான். இந்தச் செங்கல் அடுக்கின் கீழ்ப்பக்கம், கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் பூசியிருக்கும் சுண்ணாம்புக் காரைதான் காலப்போக்கில் உப்பி, பெயர்ந்து, ஒருநாள் படுக்கையின்மேல் விழுகிறது.

அந்தக் காரையைச் சிறிய அளவில் நாமே எப்படிச் சரிசெய்துகொள்வது என்பதை, இதற்கு முன் கொத்தனார் கரண்டி பிடித்திராதவர்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். சிறிய அளவு என்று நான் சொல்வது, இரண்டடிக்கு இரண்டடிக்கு மிகாத இடத்தை. அதற்கு மேற்பட்ட பரப்பு என்றால், சுண்ணாம்பு வேலை பழகிய கொத்தனாரை வைத்துக்கொள்வதே நல்லது. அப்போதும் இங்குள்ளவற்றைத் தெரிந்துகொண்டு அருகில் நிற்பது வீட்டுக்காரருக்குப் பயன்படும், ஏனென்றால் இப்போது வேலைக்கு வருகிற பலரும் சிமெண்ட் மட்டுமே பழகியவர்கள். தாழையூத்தில் 1949 முதல் சிமெண்ட் தயாராகிவரும் நாட்டில், கை முதலில் சிமெண்ட் மூட்டையைத் தேடிப் போவதில் வியப்பில்லை.

முதலில் பார்க்க வேண்டியது மேலே

காரை விழுந்த இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கலவை குழைக்கத் தொடங்குவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அடிப்பூச்சு தானாகக் கெடுவது அரிது. மேலிருந்து இறங்கும் தண்ணீரோ, அசையும் கட்டையோ, அடைபட்ட ஈரமோ அதைத் தள்ளிவிடுகிறது. காரணம் நீங்காதவரை எத்தனை அழகாகப் பூசினாலும் அடுத்த ஐப்பசியில் அதே இடம் மறுபடியும் கறுக்கும்.

ஆகையால் மட்டப்பாவின் மேலே ஏறி, கீழே கறை தெரிகிற இடத்துக்கு நேர்மேலே மட்டுமல்லாமல் அதைச் சுற்றி நான்கைந்து அடி தூரத்துக்கும் பார்க்க வேண்டும். ஜல்லித் தளத்துக்குள் இறங்கிய தண்ணீர் நேராகக் கீழே வராமல், சரிவு இருக்கும் பக்கமாக ஊர்ந்து, பலவீனமான ஓரிடத்தில்தான் வெளிப்படும். தட்டோடுகளின் இணைப்பில் கலவை உதிர்ந்திருக்கிறதா, ஓடு ஏதாவது மிதித்தால் ஆடுகிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். மழைத் தூம்பின் வாயில் வேப்பஞ்சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கியதற்கான பாசித்தடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கைப்பிடிச் சுவரின் இடுக்கில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் மேலே தெரிகிற தண்டை மட்டும் ஒடித்துவிட்டு இறங்கி வந்துவிடாதீர்கள். அது மறுபடி தழைப்பதோடு, உள்ளே வேர் தடிக்கத் தடிக்கச் செங்கல்லைப் பிளந்துகொண்டே போகும். இடுக்கைத் திறந்து வேரை முழுதாக எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும். பிற்காலத்தில் வைத்த தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற இடமும், குழாய் தளத்தைத் துளைத்து இறங்குகிற இடமும் அடிக்கடி குற்றவாளிகளாக இருக்கின்றன.

மேலே ஒழுகலை அடைத்துவிட்டோமா என்று சோதிக்க, கான்கிரீட் தளத்தில் செய்வதுபோல வரப்பு கட்டித் தண்ணீர் தேக்க வேண்டாம். நூறாண்டு சுமந்த மரக்கட்டைகளின்மேல் அந்தப் பாரத்தையும் ஏற்றி, ஜல்லித் தளத்தையும் ஊற வைப்பது நோயைத் தேடிக்கொள்வதாகும். ஒரு நல்ல மழைக்குக் காத்திருப்பது மேல்; அவசரம் என்றால் குழாயால் அரைமணி நேரம் மழைபோலத் தூவிவிட்டுக் கீழே வந்து பார்க்கலாம்.

கட்டைகளைச் சோதித்தல்

அடுத்ததாக, கட்டைகள் நலமாக இருக்கின்றனவா என்று தெரிய வேண்டும். கட்டையின் இரு முனைகளிலும் அடிவிளிம்பை ஒட்டி ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் கட்டை நூலைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய கட்டைகள் சற்றுத் தொய்ந்திருப்பது இயல்புதான். ஆனால் ஒரு கட்டை மட்டும் பக்கத்துக் கட்டைகளைவிட எடுப்பாகத் தொய்ந்திருந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். கட்டை சுவருக்குள் நுழைகிற இடம்தான் முதலில் உளுக்கும் இடம், ஏனென்றால் சுவரின் ஈரம் அங்கே அடைபட்டு நிற்கும். அந்த இடத்தில் திருப்புளியின் முனையை அழுத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை வழுக்கும். உளுத்த மரத்தில் அது அரையங்குலம் உள்ளே போகும். கரையான் மண்ணோ, கட்டையின் கீழே தரையில் மாவுபோல உதிர்ந்த தூளோ தெரிந்தால் பூச்சு வேலையை அப்படியே நிறுத்திவிட்டுத் தச்சரையும் பொறியாளரையும் அழைக்க வேண்டும். சில வீடுகளில் மரத்துக்குப் பதிலாகப் பழைய ரயில் தண்டவாளங்களையோ இரும்பு உத்தரங்களையோ போட்டிருப்பார்கள்; அவை துருப்பிடித்து வீங்கும்போதும் காரை நீளவாக்கில் வெடித்து விழும். அதுவும் கரண்டியால் தீர்கிற நோய் அல்ல.

எப்போது செய்வது

இந்த வேலைக்கு நம் பக்கத்தில் தை, மாசி, பங்குனி மாதங்களைப்போல வாய்த்த காலம் வேறு இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தளம் உலரத் தொடங்கியிருக்கும், வெயிலும் உச்சத்துக்குப் போயிருக்காது. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் பாய்ந்து வருகிற காற்று ஈரச் சுண்ணாம்புக்குப் பகை. பூசிய அன்றே மேற்பரப்பை உலர்த்தி, நகத்தால் கீறினால் மாவாக உதிரும்படி செய்துவிடும். தென்காசிப் பக்கத்திலோ அதே மாதங்களில் சாரல் விழுவதால் தளம் உலராமலே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தளம் உண்மையில் உலர்ந்துவிட்டதா என்பதைக் கைவைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் வைத்து நான்கு பக்கமும் நாடா ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை போன்ற ஒன்றில் ஊறிய தளம் உலர ஒரு கோடைகூட ஆகலாம். அந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. ஊறிய செங்கல்லிலிருந்து ஈரம் வெளியேறும்போது கூடவே உப்பும் வெளியே வந்து வெண்பஞ்சுபோலப் பூக்கும். அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி, ஒரு முறத்தில் ஏந்தி வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள். பூப்பது ஓயும்வரை இப்படிச் செய்துகொண்டிருக்க வேண்டும்.

ஏன் சிமெண்ட் கூடாது

சிமெண்ட் பூச்சு அதன் அடியில் இருக்கும் பழைய செங்கல்லையும் சுண்ணாம்பையும்விடக் கடினமானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாதது. மரக்கட்டைகளின்மேல் அமைந்த தளம் வெயிலிலும் மழையிலும் மிகச் சிறிய அளவில் அசைந்துகொண்டேயிருக்கும். சுண்ணாம்பு அந்த அசைவுக்கு ஓரளவு இணங்கும். சிமெண்ட் இணங்காமல் ஓரத்தில் வெடிக்கும். அந்த வெடிப்புக்குப் பின்னால் ஈரம் தங்கி, மென்மையான பழைய செங்கல்லின் மேல்தோலையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு முழுப் பாளமாக விழும். ஒரு சதுர அடிப் பரப்பில் ஓர் அங்குலக் கனமுள்ள பூச்சு நான்கு கிலோவுக்கு மேல் எடையிருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால், அதன் கீழே கட்டில் போட்டுத் தூங்கத் தோன்றாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சீக்கிரம் இறுகுவதால் ஆசைகாட்டும். ஆனால் ஈரம் பட்டால் கெடுகிற பொருளை, ஒருமுறை ஒழுகிய கூரையில் வைப்பது பொருந்தாது. சுவருக்குப் பூசுகிற வெள்ளைப் பட்டியும் அவ்வாறே.

சுண்ணாம்பும் மணலும்

சூளையில் சுட்ட சுண்ணாம்பு கல்லிலிருந்தும் கிடைக்கும், கிளிஞ்சலிலிருந்தும் கிடைக்கும். இரண்டும் இந்த வேலைக்கு ஆகும். கிளிஞ்சல் சுண்ணாம்பு பொதுவாக வெண்மையும் மென்மையும் மிக்கது என்பதால் அதைக் கடைசிப் பூச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் காலத்தில் கடைகளில் புதுச் சரக்கு வரும். காற்றுப் பட்டு மாவாகிப்போன சுண்ணாம்பை வாங்காதீர்கள். ஒரு சிறு கட்டியைத் தண்ணீரில் போட்டால் அது சீறிக்கொண்டு சூடேறி மலர வேண்டும். சும்மா கரைந்து படிந்தால் அதன் உயிர் போய்விட்டது என்று பொருள்.

சுண்ணாம்பைத் தாளிப்பதற்கு இரும்பு டிரம் வேண்டும், பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். முதலில் டிரம்மில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, பிறகு சுண்ணாம்புக் கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நீண்ட கழியால் கிளற வேண்டும். சுண்ணாம்புக் குவியலின்மேல் தண்ணீர் ஊற்றும் முறை ஆபத்தானது. கொதித்துத் தெறிக்கிற ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, பக்கத்தில் ஒரு குடம் சுத்தமான தண்ணீர் ஆகியவை இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது; குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொதிப்பு அடங்கியபின் சல்லடையில் வடித்து, விழுதின்மேல் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கும்படி மூடிவைத்தால், குறைந்தது இரண்டு வாரத்தில் பூசத் தக்கதாகும். ஒரு மாதம் இருந்தால் இன்னும் நல்லது. நன்றாகப் பழுத்த விழுது கரண்டியில் வெண்ணெய்போல ஒட்டிக்கொண்டு நிற்கும். தாளிக்காத சிறு துணுக்கு ஏதாவது உள்ளே தங்கிவிட்டால், பூசிய பிறகு அது மலர்ந்து காரையில் அம்மைக் கொப்புளம்போலப் புடைக்கும் என்பதால் வடிகட்டுவதில் சோம்பல் கூடாது.

மணல் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது. திசையன்விளை, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிமணலோ காற்றில் உருண்டு நுண்ணியதாய் உருட்சியாய் இருப்பதால் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்காது. கூர்முனையுள்ள, பெரிதும் சிறிதுமாகப் பலவகை அளவு கலந்த, கழுவிய மணல் வேண்டும். ஆற்று மணலுக்கு அலைவதைவிடப் பூச்சுக்கென்று விற்கிற எம்-சாண்டை வாங்கி, அதிலுள்ள தூசி போகும்வரை இரண்டு மூன்று முறை கழுவி உலர்த்திக்கொள்வது எளிது. ஒரு கைப்பிடியை ஈரமாகப் பிடித்துத் திறக்கும்போது உள்ளங்கையில் சேறு ஒட்டினால் அதை இன்னும் கழுவ வேண்டும்.

இவற்றோடு செங்கல் பொடியும் நாரும் தேவை. முறுகச் சுட்ட கருஞ்செங்கல்லைவிட இளஞ்சூட்டில் வெந்த செங்கல்லின் பொடியே சுண்ணாம்போடு நன்றாகச் சேர்ந்து, காற்று புகாத உள்ளிடத்திலும் கலவையை இறுக வைக்கிறது. இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். நார் என்பது சணலோ தென்னை நாரோ, ஓரங்குல நீளத்துக்கு நறுக்கி, நன்றாகப் பிரித்து உதிர்த்தது. கூரையில் தலைகீழாக நிற்க வேண்டிய பூச்சுக்கு இந்த நார்தான் பிடிப்பு.

கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் பலரும் கேட்பவை. நம் கொத்தனார்கள் அவற்றைத் தலைமுறைகளாகச் சேர்த்துவந்திருக்கிறார்கள், மேல்தளத்து வேலையில் அவற்றுக்கு இடமுண்டு. ஆனால் அறைக்குள் இரண்டடி ஒட்டுப் பூச்சுக்கு அவை கட்டாயம் இல்லை என்பது என் கருத்து. கருப்பட்டி கூடிப்போனால் எறும்பு வரிசை கட்டும். செட்டிநாட்டுச் சுவர்களைப் பார்த்துவிட்டு வந்து முட்டை வெள்ளைக்கருவையும் கேட்பவர்கள் உண்டு. அது வழவழப்பான சுவருக்கு உரியது, இங்கே வேண்டாம்.

பழையதைத் தட்டி எடுத்தல்

அறையிலுள்ள சாமான்களை வெளியேற்றிவிட்டு, நகர்த்த முடியாதவற்றைத் தார்ப்பாயால் மூடுங்கள். மின்விசிறியைக் கழற்றி, மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பழைய வீடுகளில் மின்கம்பிகள் மரப்பட்டிகளுக்குள்ளோ, சில இடங்களில் காரைக்குள்ளேயோ ஓடும். ஏணியில் ஒரு காலும் சுவரில் ஒரு கையுமாக நின்று கூரை வேலை செய்ய முடியாது. இரண்டு கோக்காலிகளின்மேல் பலகை போட்டு, நிமிர்ந்து நின்றால் தலைக்கும் கூரைக்கும் இடையில் ஒரு சாண் மட்டும் இருக்கும்படி உயரத்தை அமைத்துக்கொண்டால் கழுத்து வலி பாதியாகும், கைக்கும் வலு கிடைக்கும்.

காரை விழுந்த குழியைச் சுற்றிக் கரண்டிப் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல காரை 'டக்' என்று கெட்டியாக ஒலிக்கும். பிடிப்பு விட்ட காரை 'பொத்' என்று உள்ளே காற்று இருப்பதைக் காட்டும். ஒலி மாறுகிற இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்தால் வேலையின் உண்மையான அளவு தெரியும்; அது கண்ணுக்குத் தெரிந்த குழியைப்போல இரண்டு மடங்காக இருப்பது சாதாரணம். அந்தக் கோட்டுக்குள் இருக்கிற அனைத்தையும் எடுத்துவிட வேண்டும். தட்டையான உளியைக் காரைக்கும் செங்கல்லுக்கும் இடையில் சாய்வாகச் செருகி நெம்பினால் போதும். சுத்தியலால் மேல்நோக்கி ஓங்கி அடித்தால் நன்றாயிருக்கிற பகுதியும் அதிர்ந்து பிடிப்பு விடும். நேர்கீழே நிற்காமல் பக்கவாட்டில் நின்றுகொள்ளுங்கள். கண்ணாடியும் மூக்குமூடியும் அவசியம்.

இனி ஓரம். இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இதற்குத்தான். எஞ்சி நிற்கிற பழைய காரையின் விளிம்பை உளியால் உட்சாய்வாகச் செதுக்க வேண்டும். அதாவது கண்ணுக்குத் தெரிகிற வாய் குறுகலாகவும், உள்ளே செங்கல்லை ஒட்டிய பகுதி அகலமாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் புதிய பூச்சு உள்ளே சிக்கிக்கொண்டு கீழே இறங்க வழியில்லாமல் நிற்கும். மேலோட்டமாகச் சரிந்து மெலிந்துபோகும் விளிம்பின்மேல் பூசிய ஒட்டு, முதல் கோடையிலேயே ஓரத்தில் தூக்கிக்கொள்ளும். விளிம்பில் படிந்திருக்கும் பழைய வெள்ளையடிப்பு, டிஸ்டம்பர், எண்ணெய்ப் பெயிண்ட் எல்லாவற்றையும் இரண்டு அங்குலத்துக்குச் சுரண்டிவிடுங்கள். பல பொங்கல்களின் வெள்ளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, சில வீடுகளில் முட்டையோட்டைவிடத் தடித்த தனித் தோலாகவே இருக்கும்.

செங்கல் இணைப்புகளில் உதிர்ந்த கலவையை அரையங்குல ஆழத்துக்குக் கிளறி எடுத்து, அந்தக் காடிகளில் புதுக் கலவை புகுந்து பிடித்துக்கொள்ள வழிசெய்யுங்கள். பிறகு தூரிகையால் தூசியைத் தட்டி எடுங்கள். ஒற்றைச் செங்கல் தளர்ந்திருந்தால் சுண்ணாம்புக் கலவையும் செங்கல் சில்லும் வைத்து இறுக்கிவிடலாம். இரண்டு மூன்று செங்கற்கள் சேர்ந்து ஆடினாலோ, ஒன்று கையோடு வந்துவிட்டாலோ அங்கேயே நிறுத்தி, கீழிருந்து பலகையும் முட்டுக்கட்டையும் கொடுத்துவிட்டு ஆள் அழைக்க வேண்டும். அந்த அடுக்கு ஒன்றையொன்று நெருக்கித்தான் நிற்கிறது.

மரக்கட்டையை ஒட்டி வருகிற ஓரத்தில் மட்டும் வேறு விதி. மரமும் காரையும் ஒரே அளவில் சுருங்கி விரிவதில்லை. கட்டையின்மேல் பூச்சை ஏற்றாமல், கட்டைக்கும் பூச்சுக்கும் இடையில் கரண்டி முனையால் ஒரு மெல்லிய கோடு கீறி விட்டுவிட்டால், வெடிக்க வேண்டியது அந்தக் கோட்டிலேயே அடங்கிவிடும். முன்னோர் கட்டையையும் சேர்த்து மூடிப் பூசியிருந்தால், துருப்பிடிக்காத ஆணியால் கட்டையில் கோழிவலை அடித்து அதன்மேல் பூச வேண்டியிருக்கும்.

நனைத்தல்

உலர்ந்த பழைய செங்கல் தண்ணீரை அவ்வளவு வேகமாகக் குடிக்கும். நனைக்காமல் பூசினால் கலவையிலுள்ள ஈரத்தை ஒரு நிமிடத்தில் உறிஞ்சிவிடும். பூச்சு பிடிக்காமல் தோசைபோலக் கழன்று கையில் வரும். ஆகவே முந்தின மாலையில் ஒருமுறை, காலையில் ஒருமுறை, பூசுவதற்குக் கால்மணி நேரம் முன்பு ஒருமுறை என்று தெளிப்பானால் நனைக்க வேண்டும். பூசும்போது செங்கல் கறுத்து ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. தண்ணீர் மின்னினால் சற்றுப் பொறுங்கள். பழைய காரையின் விளிம்பையும் மறக்காமல் நனையுங்கள்.

கலவை

அளவு எல்லாம் கன அளவில்தான். ஒரு பங்கு சுண்ணாம்பு விழுதுக்கு மூன்று பங்கு மணல். அந்த மூன்று பங்கில் அரைப்பங்கு மணலுக்குப் பதிலாகச் செங்கல் பொடி. இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் முக்கால் அங்குலம் நிரப்ப ஏறத்தாழ ஏழு லிட்டர் கலவை வேண்டும். கீழே சிந்துவதையும் சேர்த்து மூன்று லிட்டர் விழுதும் ஒன்பது லிட்டர் மணலும் பொடியும் வைத்துக்கொண்டால் குறைவராது. ஒரே நாளில் பூசப்போவதில்லை என்பதால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள், செங்கல் பொடி சேர்ந்த கலவையை மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

குழைக்கும்போது முதலில் கெட்டியாகத் தோன்றும், தண்ணீர் ஊற்றக் கை துறுதுறுக்கும். ஊற்றாதீர்கள். மம்பட்டியால் புரட்டி, உலக்கையாலோ கட்டையாலோ கால்மணி நேரம் இடித்துக்கொண்டேயிருந்தால் அதே கலவை தானாக இளகிக் குழையும். அந்தக் காலத்தில் மாடு கட்டிச் செக்கில் சுண்ணாம்பு அரைத்தது வெறும் சடங்குக்கு அல்ல. அதிகத் தண்ணீர் விட்ட கலவை உலரும்போது சுருங்கி, மயிரிழை வெடிப்புகளால் வலைபின்னும். நாரைக் கடைசியில், உருண்டை கட்டாமல் தூவிச் சேருங்கள்.

பூசுதல்

முதலில் சுண்ணாம்பு விழுதையும் மணலையும் கஞ்சிபோலக் கரைத்துத் தூரிகையால் செங்கல்மேல் அழுத்தித் தேயுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே முதல் பூச்சைத் தொடங்க வேண்டும். கரண்டியின் நுனியில் ஒரு எலுமிச்சை அளவு கலவையை எடுத்து, உட்சாய்வாகச் செதுக்கிய ஓரத்துக்குள் கட்டைவிரலால் அழுத்தி நிரப்பி, நான்கு ஓரங்களையும் முடித்த பிறகே நடுவுக்கு வாருங்கள். நடுவில் கரண்டியால் கலவையை வைத்துத் தள்ளும்போது, வழித்துக்கொண்டு போகாமல் செங்கல்லுக்குள் ஏற்றுவதுபோல அழுத்திக் கையை நகர்த்த வேண்டும். சரியாகப் பிடித்த கலவை கரண்டியை எடுக்கும்போது லேசாக உறிஞ்சிவிடுகிற ஒலி எழுப்பும். ஒரு பூச்சு கால் அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஒரே நாளில் நிரப்பிவிட ஆசைப்பட்டுத் தடிப்பாக ஏற்றினால் தன் எடை தாங்காமல் வயிறு தள்ளி இறங்கும். அப்படி இறங்கினால் தாங்கிப் பிடித்து ஒட்டப் பார்க்காதீர்கள், முழுதாக எடுத்துவிட்டு மறுபடி நனைத்துப் பூசுங்கள்.

பூச்சு சற்றுச் சுண்டியதும் ஆணியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். அடுத்த பூச்சு அந்தக் கீறல்களில் பிடித்துக்கொள்ளும். அன்று மாலையும் மறுநாளும் போய்ப் பார்த்து, மயிரிழை வெடிப்பு தெரிந்தால் சிறிது தண்ணீர் தெளித்து, பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்துகிற மணியாசுக் கட்டையால் தேய்த்து அழுத்துங்கள். கட்டைவிரல் நகம் சிரமப்பட்டுத்தான் பதியும் என்கிற நிலை வந்த பிறகு, பெரும்பாலும் ஒரு வாரத்தில், மறுபடி நனைத்து இரண்டாம் பூச்சை அதே முறையில் ஏற்றலாம். அது பழைய காரையின் மட்டத்துக்குக் கீழே இறங்காமல், ஒரு நூல் அளவு, அதாவது அரைக்கால் அங்குலம், உள்ளடங்கி நிற்க வேண்டும்.

கடைசிப் பூச்சுக்கு நாரும் செங்கல் பொடியும் வேண்டாம். ஒரு பங்கு விழுதும், நைஸாகச் சலித்த மணல் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கும் போதும். மட்டப்பலகையின் இரு முனைகளும் பழைய காரையில் படும்படி வைத்து இழுத்து, மேடுபள்ளம் பார்த்து, முதலில் மணியாசுக் கட்டையாலும் பிறகு கரண்டியாலும் மெருகிடுங்கள். பழைய கூரை ரசமட்டத்துக்கு நேராக இருக்காது. அதன் அலைவைத் தழுவியே புதியதும் போக வேண்டும். கரண்டியை அளவுக்கு மேல் தேய்த்தால் விழுது மட்டும் மேலே வந்து, உலர்ந்தபின் தோலாக உரியும்.

காத்தலும் வெள்ளையும்

சுண்ணாம்பு தண்ணீர் வற்றுவதால் மட்டும் இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கித்தான் மறுபடி கல்லாகிறது, அதற்கு ஈரம் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் ஒரு வாரம், காலையும் மாலையும் மெல்லிய பனிபோலத் தெளியுங்கள். கூரையில் ஈரச்சாக்கைத் தொங்கவிட முடியாது. சன்னலில் தொங்கவிடலாம், தரையில் விரிக்கலாம். சன்னல்களை முழுக்க அடைத்தும் வைக்காமல், காற்று நேராக அடிக்கவும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய மின்விசிறியை இந்த நாட்களில் திரும்ப மாட்டவே கூடாது. வெயில் தாங்காமல் வீட்டில் யாராவது கேட்பார்கள், மேசை விசிறியைத் தாழ வைத்துக் கொடுங்கள்.

மூன்று நான்கு வாரம் கழித்து ஒட்டுப் பூச்சின் நிறம் ஒரே சீராக வெளுத்திருந்தால் வெள்ளையடிக்கலாம். பால்போல நீர்த்த சுண்ணாம்பை, பூச்சை நனைத்துக்கொண்டு, நான்கைந்து முறை மெல்லியதாக அடியுங்கள். கடைசி முறைக்குச் சிட்டிகை நீலம். பிளாஸ்டிக் பெயிண்ட் இங்கேயும் வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே அடைக்கும்.

வேலை முடிந்தபின் ஏதாவது தவறாகத் தெரிந்தால் அதன் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். முழுப் பாளமாகக் கழன்றால் செங்கல் உலர்ந்திருந்தது அல்லது தூசி நின்றது. கை பட்டதும் மாவாக உதிர்ந்தால் காற்றும் வெப்பமும் அவசரமாக உலர்த்திவிட்டன. வலைபோல வெடிப்பு ஓடினால் தண்ணீர் கூடியது, அல்லது மணல் மிக நைஸாக இருந்தது. ஓரத்தில் மட்டும் கோடு விட்டால் அதில் சுண்ணாம்புக் கஞ்சியைத் தேய்த்தாலே போதும், அஞ்ச வேண்டியதில்லை. பழுப்பு வளையம் மறுபடி தெரிந்தாலோ மேலேதான் போய்ப் பார்க்க வேண்டும்.

மிஞ்சிய சுண்ணாம்பு விழுதைக் கொட்டிவிடாதீர்கள். தண்ணீர் மேலே நிற்கும்படி மூடிவைத்தால் அது ஆண்டுக்கணக்கில் கெடாது, இருக்க இருக்கப் பழுக்கும். அடுத்த தையில் மற்ற அறைகளின் கூரையைத் தட்டிப் பார்க்கும்போது கட்டாயம் வேண்டியிருக்கும்.